படித்த பள்ளிக்குப் பட்ட கடன்

(கோவையில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

முன்னாள் மாணவர் சந்திப்பு என்றால் நம் ஊரில் ஒரு நடைமுறை வந்துவிட்டது. பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பிரியாணி சாப்பிடுகிறோம். வசதி உள்ளவர்கள் நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்து, சுவரில் பெயர் பொறித்த கல் ஒன்றும் பதித்துவிட்டு வருகிறார்கள். இவற்றில் எதுவும் தவறில்லை. பிரிந்தவர்கள் கூடுவது நல்ல காரியம். ஆசிரியரை மதிப்பது அதைவிட நல்ல காரியம்.

ஆனால், நாம் வீடு திரும்பிய மறுநாள் காலையிலும் அந்தப் பள்ளிக்கூடம் திறக்கிறது. மணி அடிக்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டிய ஒரு பையன் அங்கே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பாதியிலே நின்றுவிட்டான். அந்த நேரத்தில் அவன் உக்கடத்திலோ, டவுன்ஹால் பக்கத்திலோ, திருப்பூரிலோ, ஈரோட்டிலோ ஒரு கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். அந்தக் கடை யாருடையது? பெரும்பாலும் நம்முடையதுதான்!

இன்றைக்கு நான் பேச வந்தது அந்தப் பையனைப் பற்றித்தான். பழைய மாணவன் தன் பள்ளிக்கு எதைச் செய்தாலும், வகுப்பில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தை நிரப்ப அது உதவுகிறதா என்பதே நம் அளவுகோலாக இருக்க வேண்டும்.

இது தர்மம் அல்ல, கடன்

பள்ளிக்குக் கொடுப்பதை நாம் தர்மக் கணக்கில் எழுதுகிறோம். அதைக் கடன் கணக்கில் எழுத வேண்டும் என்கிறேன். நாம் படித்தபோது நம்மில் எத்தனை பேருக்கு முழுச் செலவையும் நம் அத்தா கொடுத்தார்? மாநகராட்சிப் பள்ளியில் படித்தவனுக்கு ஊர் மக்களின் வரிப்பணம் கொடுத்தது. சமுதாயப் பள்ளியில் படித்தவனுக்கு, நிலம் கொடுத்தும் கடை வாடகையை எழுதி வைத்தும் வீடு வீடாக வசூல் செய்தும் பெரியவர்கள் கொடுத்தார்கள். கோட்டைமேட்டில் மன்பவுல் உலூம் பள்ளியும், பள்ளப்பட்டியில் பெண்களுக்காக உஸ்வத்துன் ஹஸனா பள்ளியும் தாமாக முளைத்து வரவில்லை. தாங்கள் படிக்காதவர்கள், அடுத்த தலைமுறை படிக்கட்டும் என்று கொடுத்தார்கள். அந்தக் கொடையில் படித்து ஆளான நாம் அடுத்தவனுக்குக் கொடுப்பது தர்மமா, பட்ட கடனைத் திருப்புவதா? நீங்களே சொல்லுங்கள்.

ஓதுவதற்கான கட்டளையோடு தொடங்கிய மார்க்கம் நம்முடையது. பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பிணைத்தொகைக்குப் பதிலாக மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தால் போதும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விடுதலை வழங்கிய வரலாற்றை மேடைதோறும் பேசுகிறோம். வறுமை மிகுந்த அந்தக் காலத்தில் காசை விட்டுவிட்டுக் கல்வியை வாங்கிக்கொண்டார்கள். நாம் இன்று கல்வியை விட்டுவிட்டு, மாதம் சில ஆயிரம் ரூபாய் சம்பளத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பையனை அனுப்புகிறோம்!

வியாபாரிகளுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். தென்பாண்டிச் சீமையின் வணிகர்கள் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். விருதுநகர் நாடார் சமூகம் அப்படிச் சேர்த்துத்தான் பள்ளிக்கூடம் நடத்தியது. அந்த ஊர் சத்திரிய வித்யாசாலாவில் படித்த ஓர் ஏழைச் சிறுவன், தந்தையை இழந்து, குடும்பச் சூழலால் பாதியில் நின்று, மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குப் போனான். அவர்தான் பெருந்தலைவர் காமராஜர்.

கடைப் பையனாக நின்ற அவர் 1954-ல் முதலமைச்சரானதும் என்ன செய்தார்? மூடிய பள்ளிகளைத் திறந்தார். புதிய பள்ளிகளைத் தொடங்கினார். மதிய உணவு கொடுத்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களைத் துணையாகக் கொண்டு, 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். முதல் மாநாடு கடம்பத்தூரில் நடந்தது. அரசாங்கம் கொடுக்கும் வரை காத்திராமல், ஊர் மக்களும் பழைய மாணவர்களும் பெஞ்சு, கரும்பலகை, சீருடை, கட்டடம் என்று தங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். தமிழ்நாடு இன்று கல்வியில் தலைநிமிர்ந்து நிற்கிறது என்றால் அந்தக் கைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்காக, நம் கடையில் நிற்கும் பையனும் நாளை காமராஜர் ஆகிவிடுவான் என்று யாரும் ஆறுதல் சொல்லிக்கொள்ள வேண்டாம். தான் பட்டது பிறர் படக்கூடாது என்று அவர் நினைத்தார். அதை நாம் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அலிகார் காட்டிய வழி

சர் சையது அகமது கான் 1875-ல் அலிகாரில் பள்ளியைத் தொடங்கி, 1877-ல் அதைக் கல்லூரியாக்கியபோது பணத்துக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. நிதி திரட்டுவதற்காக, 1889-ல், எழுபதை எட்டிய வயதில், அந்தக் கனவான் நாடக மேடையிலும் ஏறி நின்றார். பார்த்தவர்கள் ஏளனம் செய்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அவருடைய மாணவர்கள் செய்ததுதான் நமக்கு முக்கியம். 1890-ஐ ஒட்டி, சாஹிப்ஜாதா அஃப்தாப் அகமது கான் முன்நின்று 'அஞ்சுமனுல் ஃபர்ள்' என்ற சங்கத்தை உருவாக்கினார். பெயரிலேயே 'ஃபர்ள்' என்று வைத்தார்கள், அதாவது கடமை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் போன இடத்தில் நன்கொடை கேட்டார்கள். அந்தப் பணம் ஏழை மாணவனின் படிப்புக்குப் போனது. சில ஆண்டுகளில் படிப்பு முடித்து வேலைக்குப் போனவர்கள் சேர்ந்து, தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கல்லூரிக்குக் கொடுப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். 1899-ல் பழைய மாணவர் சங்கம் பிறந்தது. 1920-ல் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

நூற்றுக்கு ஒன்று! மாதம் இருபதாயிரம் சம்பாதிப்பவனுக்கு இருநூறு ரூபாய். ஒரு லட்சம் லாபம் பார்க்கும் வியாபாரிக்கு ஆயிரம் ரூபாய். கல்லில் பெயர் பொறிக்க ஒரே தடவை கொடுக்கும் ஐம்பதாயிரத்தைவிட, மாதம் தவறாமல் வரும் இருநூறு ரூபாய் பள்ளிக்குப் பலம். ஏனென்றால் ஏழை மாணவனின் தேவை ஆண்டு விழா பார்த்து வருவதில்லை.

பணம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நேரத்துக்கு வர வேண்டும். டாக்டர் அப்துல் கலாம் அவர்களுக்குச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது தேவைப்பட்டது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அன்று அந்தத் தொகை இல்லாது போயிருந்தால்? எல்லா மாணவனுக்கும் அப்படி ஒரு சகோதரி வாய்ப்பதில்லை. வாய்க்காதவனுக்கு முன்னாள் மாணவர் சங்கம் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

நம் கடையே நம் பள்ளிக்குப் போட்டி

வணிகப் பெருமக்களே! கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் வந்து, "பையன் சும்மாதான் சுத்துறான் பாய், கடையில போட்டுக்கங்க" என்று கேட்கிறாள். நாமும் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்கிறோம். அது இரக்கம்தானா என்று எண்ணிப் பாருங்கள். பதினான்கு வயது நிறையாதவனை வேலைக்கு வைப்பது 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எந்தத் தொழிலிலும் குற்றம். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சிலவற்றுக்கே விலக்கு. சட்டத்தை விடுங்கள். பதினைந்து வயதில் கடையில் நின்றவன் முப்பத்தைந்து வயதிலும் அதே கடையில், அதே வேலையில் நிற்பதை நீங்கள் பார்க்கவில்லையா?

முதல் வேண்டுகோள் இதுதான். பத்தாம் வகுப்பு முடிக்காதவனை வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று இங்கே இருக்கும் வியாபாரிகள் ஒரு முடிவுக்கு வாருங்கள். அந்தத் தாய் வரும்போது, "இந்த மாத அரிசிக்கு நான் பொறுப்பும்மா, பையனை நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பு" என்று சொல்லுங்கள். அரிசிக்காகத்தானே அவள் வந்தாள்! அரிசியைக் கொடுத்துவிட்டால் பையனை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

அந்த ஆண்டுகளுக்குப் பிறகு

கோவை முஸ்லிம்கள் கல்வியைப் பற்றிப் பேசும்போது 1997-ஐயும் 1998-ஐயும் தாண்டிப் போக முடியாது. 1997 நவம்பர் இறுதியில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டதை அடுத்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டன, தீக்கிரையாயின. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைக் குடித்தன. எந்த மார்க்கமும் ஏற்காத கொடுமை அது. அதன் பிறகு கைதுகள், வழக்குகள், சோதனைகள். கடை போனவர் வீட்டிலும், சிறைக்குப் போனவர் வீட்டிலும் முதலில் நின்றது எது? பிள்ளையின் படிப்புதான்!

அன்று படிப்பை விட்டவர்கள் இன்று தகப்பன்மார்கள். தாங்கள் இழந்ததைத் தங்கள் பிள்ளைகள் பெற வேண்டும் என்று அவர்கள் துடிக்கிறார்கள். ஆனால் எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி, எந்த விண்ணப்பம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். வேலையும் வழிகாட்டியும் இல்லாத இளைஞனைக் கஞ்சாக்காரனும் கூப்பிடுவான். வெறுப்பைப் போதிப்பவனும் கூப்பிடுவான். அவர்களுக்கு முன்னால் அவனுடைய பள்ளியின் பழைய மாணவன் கூப்பிட வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலவரம் ஊரைத் தெருத்தெருவாகப் பிரித்தது. ஆனால் பள்ளியின் பழைய பதிவேட்டில் அப்துல்லாவும் ஆறுமுகமும் ஆரோக்கியசாமியும் ஒரே பக்கத்தில்தான் இருக்கிறார்கள். நமக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்து, கிறிஸ்தவ ஆசிரியர்கள்! அவர்களையும் அழையுங்கள். மாற்று மத நண்பர்களையும் சங்கத்தில் பொறுப்பில் வையுங்கள். உதவி கேட்டு வரும் மாணவனிடம் மதம் கேட்காதீர்கள். நம் ஊரில் பழையபடி ஒரே பெஞ்சில் உட்காருவதற்கு மிச்சம் இருக்கும் சில இடங்களில் முன்னாள் மாணவர் சங்கமும் ஒன்று.

செய்ய வேண்டியவை

பேச்சோடு நிறுத்தாமல் செயலுக்கு வருவோம்.

ஒன்று: கண்காணிப்பு. பிள்ளைகள் நிற்பது எப்போது என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஐந்து முடிந்து ஆறு, எட்டு முடிந்து ஒன்பது, பத்து முடிந்து பதினொன்று, பன்னிரண்டு முடிந்து கல்லூரி. இந்த நான்கு வாசல்களில்தான் பிள்ளைகள் தவறிப் போகிறார்கள். தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஒரு வாரத்துக்கு மேல் வராத மாணவர்களின் பட்டியலை வாங்குங்கள். மஹல்லா ஜமாஅத் நிர்வாகி ஒருவரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். பத்தாம் வகுப்பில் தோற்றவனுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. விண்ணப்பிக்க நாட்கள் குறைவு. முடிவு வந்த அன்றே அவன் வீட்டில் நீங்கள் நின்றால், அவன் கடைக்குப் போகமாட்டான். மாலை வகுப்புக்கு வருவான்.

இரண்டு: சான்றிதழ்கள். 2007-ல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகளுக்கு அது உரியது. வெறுமனே 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் கவுன்சலிங்கில் தடுமாற வேண்டியதுதான். அதுபோல, பிறப்புச் சான்றிதழில் 'முஹம்மது', ஆதாரில் 'முகமது', பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'மொகமத்' என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்! ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவனின் காகிதத்தையும் எடுத்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்க இரண்டு இளைஞர்கள் போதும். காசு தேவையில்லை, பொறுமை தேவை.

மூன்று: உதவித்தொகைகள். 2022-ல் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று நம் கோவை அரசு கலைக் கல்லூரியில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கி வைக்கப்பட்டன. உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அதேவேளை, எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மை மாணவர்கள் பெற்றுவந்த ஒன்றிய அரசின் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. அதை மீட்பதற்கான குரலை அரசியல் ரீதியாக எழுப்ப வேண்டியது நம் கடமை. குரல் எழுப்பிக்கொண்டிருக்கும்போதே, இந்த ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் இல்லாத பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதும் நம் கடமைதான்.

நான்கு: மாணவர் எண்ணிக்கை. அரசு உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கட்டடம், கழிப்பறை, பராமரிப்பு எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகஸ்ட் முதல் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடம் கணக்கிடப்படுகிறது. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போகும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்குப் பாடுபடுவது பெரிய நன்கொடை. "நான் படித்த பள்ளி நல்ல பள்ளி" என்று மேடையில் பேசிவிட்டு, நம் வீட்டுப் பிள்ளை ஒன்றைக்கூட அந்தப் பக்கம் அனுப்பாமல் இருந்தால், ஊர் எதை நம்பும்?

ஐந்து: பழைய மாணவியர். நம் சந்திப்புகளில் சகோதரிகளுக்கு இடமே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்ப ஒரு தாயைச் சம்மதிக்க வைப்பதற்கு, நம்மைப் போன்ற பத்து ஆண்கள் பேசுவதைவிட, அதே பள்ளியில் படித்து ஆசிரியையாகவோ மருத்துவராகவோ இருக்கும் ஒரு சகோதரி பேசுவது பலன் தரும். சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தவர். இதை எத்தனை தாய்மார்களிடம் நாம் சொல்லியிருக்கிறோம்?

மாநகராட்சிப் பள்ளியும் நம் பள்ளியே

சமுதாயம் நடத்தும் பள்ளிகள் சிலவே. நம் ஏழைப் பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பது அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும்தான். அங்கே படித்தவர்கள், "அது அரசாங்கத்தின் பொறுப்பு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பொள்ளாச்சி பக்கம் கோதவாடி கிராமத்துப் பையன் மயில்சாமி அண்ணாதுரை சந்திரயான்-1 திட்ட இயக்குநராக உயர்ந்ததற்கு அடித்தளம் அரசுப் பள்ளிதான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், 2023-ல் தமிழக அரசு தமக்கு வழங்கிய 25 லட்சம் ரூபாயைத் தாம் படித்த கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார். 2022 டிசம்பர் 19 அன்று, முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவுவதற்கென்றே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கப்பட்டது. 2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் தரப்பட்டது. அந்த நாற்காலி நமக்காகப் போடப்பட்டது. போய் உட்கார வேண்டியது நாம்தான். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் கேள்வி கேட்கும் உரிமையோடு உட்காரலாம்.

கணக்கும் நம்பிக்கையும்

கடைசியாக, பணத்தைப் பற்றி. சங்கங்கள் உடைவது பெரும்பாலும் கணக்கில்தான். சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கை இருவர் கையெழுத்தில் வையுங்கள். தனி ஆள் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், ரசீது கேளுங்கள். வரவு செலவை ஆண்டுதோறும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். உதவி பெறும் மாணவனின் பெயரை மட்டும் ஒட்டாதீர்கள். அவனை மேடையேற்றிக் காசோலையோடு படம் எடுக்காதீர்கள். அவனுக்கும் மானம் உண்டு. நாளை அவனும் இந்தச் சங்கத்தின் உறுப்பினன்.

ஜகாத் பணத்தை ஏழை மாணவனின் கையில் சேர்ப்பதில் தடையில்லை. சுவர் எழுப்பவும் மின்விசிறி மாட்டவும் ஜகாத்தைப் பயன்படுத்தலாமா என்பதில் மார்க்கச் சட்டம் நுட்பமானது. ஆலிம்களைக் கேட்டுச் செய்யுங்கள். கட்டடத்துக்கு ஸதகா இருக்கிறது. இறந்த பின்னும் நன்மை வந்துகொண்டே இருக்கும் ஸதகத்துல் ஜாரியாவைத் தேடி நாம் எங்கெங்கோ அலைகிறோம். நாம் படித்த வகுப்பறையிலேயே அது நமக்காகக் காத்திருக்கிறது.

சகோதரர்களே! திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியின் பழைய மாணவர்கள் வளைகுடா நாடுகளில்கூடச் சங்கம் வைத்து நடத்துகிறார்கள். கடல் கடந்து போனவர்களுக்கே கல்லூரி நினைவு இருக்கிறது. நமக்கோ பள்ளி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது! இந்த வாரத்திலேயே உங்கள் வகுப்புத் தோழர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். "ஐயா, இந்த ஆண்டு நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர்? பெயரைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்றை மாதம் தவறாமல் எடுத்து வையுங்கள்.

பட்ட கடனை இவ்வுலகிலேயே தீர்த்துவிட்டுப் போகும் நல்லோர்களின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்து அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.